இரவல் நெஞ்சு

தூங்குகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் எவனாவது இருந்தால், அவன் நிச்சயமாக பஸ் ஓட்டுகிறவனாக இருக்க மாட்டான். நம்ம டிரைவருக்கு அந்தப் பொறாமை வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. மனைவியின் தம்பி கும்பு. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. காலையில் மேலெல்லாம் மாவு வாசனையோடு வருவான், தட்டில் இருப்பதைத் தின்பான், பின்னறையில் போய்க் கட்டிலில் விழுவான். விழுந்த சத்தம் அடங்குவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். சின்ன வயசில் கும்பகர்ணன் என்று வைத்த பட்டப்பேர்தான் தேய்ந்து தேய்ந்து கும்பு என்று ஆகிவிட்டது. சொந்தப் பேரை அவனே மறந்திருப்பான்.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டையா? மரம் அறுக்கிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். வீடே அமைதியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தவன் மாதிரி ஒரு உறுமல், மறுபடியும் அறுப்பு. "கியர் மாத்திட்டான்டி உன் தம்பி" என்று டிரைவர் சொல்வார், மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அத்தனை நேரம் தூங்கியும் சாயங்காலம் டீ குடிக்கும்போதே அவனுக்குக் கண் சொக்கும். அதையும் பார்த்து, "கொடுத்து வெச்சவன்டா நீ" என்றுதான் சொன்னார்களே தவிர, இவ்வளவு தூங்குகிறவனுக்கு இன்னும் ஏன் தூக்கம் வருகிறது என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

டிரைவருக்கு வாய்த்ததோ கோழித் தூக்கம். ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட், அதற்கடுத்த வாரம் எதுவென்று கடவுளுக்கும் டிப்போ மேனேஜருக்கும்தான் வெளிச்சம். படுத்தால் கண்ணுக்குள் ரோடு ஓடும். மூன்று மணி நேரம், மிஞ்சிப்போனால் நாலு. அதுவும் அலாரம் அடித்துவிடுமோ என்ற பயத்திலேயே கழியும்.

இந்த வருஷம் கம்பெனி வைத்த உடல் பரிசோதனையில் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்தவர் வைத்தவர்தான், எடுக்கவே இல்லை.

"நடுவுல நடுவுல ஒரு துடிப்பு தப்புது. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"எட்டு மணி நேரம் சார்" என்றார் டிரைவர். பச்சைப் பொய்.

டாக்டர் அவர் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளைப் பார்த்தார். "தூங்கும்போதுதாங்க இதயத்துக்கு ஓய்வு. பிரஷர் இறங்கணும், துடிப்பு நிதானமாகணும். அது தினமும் கிடைக்கலைன்னா பிரஷர் ஏறும், துடிப்பு தாறுமாறாகும். இன்ஜினை அணைக்காமலே ஷெட்ல நிறுத்தி வெச்சா என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு மிஷின் மாட்டி அனுப்பறேன். ஒரு நாள் பூரா, தூங்கறப்பவும் சேர்த்து, உங்க இதயத்தைப் பதிவு பண்ணும். அப்புறம் பேசுவோம்."

அப்புறம் என்ன பேசுவார்கள் என்பது டிரைவருக்குத் தெரியாதா? போன வருஷம் இதே மாதிரி மிஷின் மாட்டிக்கொண்டு போனவர், டிப்போவில் மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற இன்னொரு டிரைவர். பாவம், இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆள். இன்றைக்கு டிப்போ வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பஸ் வந்தால் கேட் கம்பத்தைத் தூக்குகிறார், போனால் இறக்குகிறார். பஸ் சீட்டில் உட்கார்ந்தால்தான் நம்ம டிரைவர் ஆள். இறங்கினால் யாரென்று அவருக்கே தெரியாது.

உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி அது. அதிலிருந்து கலர் கலராக வயர். நெஞ்சில் ஒட்டின வட்ட ஸ்டிக்கர்களில் அந்த வயர்களை பட்டன் மாதிரி மாட்டிவிட்டார்கள். "குளிக்காதீங்க, கழட்டாதீங்க, எப்பவும் போலத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பினாள் ஒட்டிவிட்ட பெண்.

எப்பவும் போலத் தூங்குவதா! அதில்தானே வில்லங்கமே இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது பின்னறையிலிருந்து மரம் அறுபடும் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கும்புவுக்கு லீவு. டிரைவர் அப்படியே கதவருகே நின்றார். கோணல் புத்தி வேலை செய்ய அதிக நேரம் பிடிக்குமா? இந்த வீட்டிலேயே, ஏன் இந்தத் தெருவிலேயே, இவனை மாதிரித் தூங்குகிறவன் யார் இருக்கிறான்? இப்படித் தூங்குகிறவனுடைய இதயம் எவ்வளவு கல்லு மாதிரி இருக்கும்!

அவனை உலுக்கி எழுப்பினார். "மாப்ள, ஒரு உதவி பண்ணணும்டா. உன் நெஞ்சை ஒரு நாளைக்கு இரவல் கொடு."

கும்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு மிஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "இத்தனை வருஷத்துல ஒரு பொண்ணும் என் நெஞ்சைக் கேட்கல. நீங்களாவது கேட்கறீங்களே மாமா, எடுத்துக்கோங்க."

எந்தக் கலர் எங்கே என்று முதலில் தன் நெஞ்சையே போனில் படம் எடுத்துக்கொண்டார். மருந்துக் கடையில் புது ஸ்டிக்கர் வாங்கிவந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, சின்னப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி அவன் நெஞ்சில் ஒட்டினார். சலவைக்கூடத்தில் வேலை செய்கிற மனைவி திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீடு ரெண்டாகும். கும்பு சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு அன்றைக்குப் பகலும் தூங்கினான், ராத்திரியும் தூங்கினான்.

மறுநாள் மிஷினைத் தன் நெஞ்சுக்கே மாற்றிக்கொண்டு போய் டிரைவர் திருப்பிக் கொடுத்தார். "நல்லா தூங்கினீங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பொணம் மாதிரித் தூங்கினேம்மா" என்றார், பெருமையாக.

ரெண்டு நாள் போனது. காலையில் மனைவி சலவைக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கும்பு வேலையிலிருந்து வந்து கூடத்தில் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். டிரைவர் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டாக்டரே பேசினார்.

"மிஷின் போட்டிருந்தது நீங்கதானே?"

"ஆ… ஆமா சார்."

"பதறாமக் கேளுங்க. தூக்கத்துல உங்க இதயம் நிக்குது. நின்னு நின்னு ஓடுது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, தூங்கின நேரம் பூராவும். குறட்டை விடுவீங்களா? நடுவுல மூச்சு நின்னு போற மாதிரி வீட்டுல யாராவது சொல்லியிருக்காங்களா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் கும்பு பெரிசாகக் கொட்டாவி விட்டான்.

"தொண்டை அடைச்சு மூச்சு நிக்குதுன்னு நினைக்கிறேன்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். "மூச்சு நின்னா ரத்தத்துல காத்து குறையும். இதயம் தடுமாறி நிக்கும், அப்புறம் பயந்துபோய் ஓட்டமா ஓடும். இது ரொம்ப வருஷமா நடந்துக்கிட்டு இருக்கணும். ஒவ்வொரு தடவையும் தானா ஓட ஆரம்பிக்குது. ஒரு தடவை ஆரம்பிக்கலைன்னா?"

"முழிச்சிருக்கறப்போ சார்?"

"முழிச்சிருக்கறப்போ பரவாயில்ல. தூங்கினாத்தான் ஆபத்து. இப்பவே கிளம்பி வாங்க. வண்டியைத் தொடாதீங்க. நான் பார்க்கற வரைக்கும் தனியாப் படுத்துத் தூங்காதீங்க, புரியுதா?"

"சரிங்க சார். சரிங்க சார்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? டிரைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்திருந்தால் கூடத் தேவலை. இது எமனாக அல்லவா வந்து நிற்கிறது.

கும்பு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "யாரு மாமா போன்ல? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"யாரும் இல்ல. ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கா அவ்வளவு மரியாதையா சரிங்க சார் போட்டீங்க?" என்று சிரித்தான். "சரி, எனக்குக் கண்ணு சொருகுது. போனை அணைச்சிட்டேன், அக்கா கேட்டா சொல்லுங்க. பின்னறைக் கதவு வேற காத்துக்கு டமார் டமார்னு அடிக்குது, தாழ் போட்டுக்கறேன்."

அவன் பின்னறைக்குள் போனான். பின்னாலேயே போன டிரைவரின் கை கதவை நோக்கி உயர்ந்தது. சொல்லிவிடலாம். 'டேய், தூங்காதேடா' என்று ரெண்டே வார்த்தை. ஆனால் ரெண்டு வார்த்தையோடு நிற்குமா? டாக்டரிடம் போகணும், டாக்டர் கம்பெனிக்குச் சொல்வார், கம்பெனியை ஏமாற்றியவனுக்குக் கேட்டில் ஸ்டூல்கூடக் கிடைக்காது. மனுஷ மனசு இருக்கிறதே, அதைப்போலக் கேடுகெட்ட வக்கீல் உலகத்தில் கிடையாது. முப்பது வருஷமாகத் தூங்குகிறவன், இன்றைக்கு ஒரு பகலில் என்ன ஆகிவிடும் என்று அது வாதாடியது. சாயங்காலம் அவன் எழுந்ததும் நைசாகப் பேசி, 'உன் குறட்டை தாங்கலடா, டாக்டரைப் பார்' என்று வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று வழியும் சொல்லிக்கொடுத்தது. பாம்பும் சாகும், கம்பும் உடையாது.

உள்ளே தாழ் விழுந்தது. டிரைவர் கையை இறக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். பஸ்ஸை எடுத்தார். பின்னால் கூட்டம் நெரிந்தது. யாரோ குழந்தையை அதட்டினார்கள், யாரோ போனில் சண்டை போட்டார்கள். அது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவர் காதுக்குள் குறட்டைதான் கேட்டது. சிவப்பு விளக்கில் இன்ஜின் சத்தம் தணியும்போதெல்லாம் குறட்டை நின்றுபோன அந்த அமைதி வந்து நெஞ்சை அமுக்கியது. இத்தனை வருஷம் கியர் மாத்துகிறான் என்று சிரித்த அமைதி. சிரித்தோமே, ஐயோ, சிரித்தோமே!

ஒரு நிறுத்தத்தை நெருங்கும்போது ஜன்னலோரம் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டிரைவர் வேண்டுமென்றே பிரேக்கை ஒரு குத்து குத்தினார். கிழவர் திடுக்கிட்டு எழுந்து, "மாடா ஓட்டுற?" என்று திட்டினார். அந்தத் திட்டு அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அந்தக் கிழவருக்கு எப்படித் தெரியும்?

கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்புவைக் கூப்பிட்டார். அணைத்து வைத்த போன் என்ன பேசும்? மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சலவை மிஷின் இரைச்சலில் அவளுக்குக் கேட்காது, போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் இல்லை. எத்தனையோ தடவை வாங்கி வைக்கணும் என்று நினைத்தது. இனி வண்டியை டிப்போவில் போட்டுவிட்டு, வயிற்று வலி என்று ஏதாவது புளுகிவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு வண்டியைத் திருப்பினார். அப்போதும் பாருங்கள், புளுகைத்தான் யோசித்தார், உண்மையை இல்லை.

டிப்போவுக்குள் நுழையும்போதே மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூட ரெண்டு மெக்கானிக். எப்போதும் எரிந்து விழுகிற அந்த மனுஷன், கதவைத் திறந்து, கையைப் பிடித்து, "மெதுவா இறங்குங்க… மெதுவா… அவசரமே இல்ல" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் டிரைவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"சாவியைக் கொடுங்க. டாக்டர் போன் பண்ணிட்டார். சொல்லியும் வண்டியை எடுத்திருக்கீங்களே, உங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா? உட்காருங்க. ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கு."

நாற்காலியில் உட்கார வைத்து, சட்டைப் பட்டனைக் கழற்றி, ஒருத்தன் விசிற, ஒருத்தன் தண்ணீர் கொடுக்க, ராஜ உபசாரம். சுற்றி நின்றவர்கள் உச் கொட்டினார்கள். "நல்ல மனுஷன்யா" என்று ஒருத்தர் இறந்தகாலத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டார். ஆம்புலன்ஸும் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா இறங்கிவந்து அவர் நெஞ்சில் வயர்களை மாட்டினாள்.

இப்போதாவது விஷயம் மண்டையில் ஏறியதா? ஏறியது. செத்துக்கொண்டிருக்கிறவனை எடுத்துப்போக வேண்டிய வண்டி, உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறவனைச் சுற்றி நிற்கிறது. தனியாகப் படுக்கக் கூடாதவன் ஊரின் அந்தக் கோடியில் தாழ் போட்டுத் தூங்குகிறான். நடுவில் நாம் ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"அது என் நெஞ்சு இல்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"மிஷின்ல இருக்கறது என் நெஞ்சு இல்ல சார்! என் மச்சினன் நெஞ்சு. நான்தான் அவனுக்கு மாட்டி விட்டேன். சீட்டு போயிடும்னு பயந்து பண்ணிட்டேன். அவன் இப்ப வீட்டுல தூங்கறான். கதவைத் தாழ் போட்டுத் தூங்கறான். ஐயோ, சும்மா நிக்காதீங்களேன், அவன்கிட்ட போங்களேன்!"

மேனேஜர் காக்கிச் சட்டை அம்மாவிடம் குனிந்து, "பயத்துல உளர்றார்ம்மா. வீட்டுக்குப் போகணும்னு தோணும்ல, பாவம்" என்றார். ரெண்டு மெக்கானிக்குகளும் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். டிரைவர் திமிறினார். திமிறத் திமிற அவர்கள் இன்னும் அமுக்கினார்கள். பொய்யைச் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் விசிறுகிறார்கள்.

"உன் காலைப் பிடிக்கறேம்மா" என்று அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். போனைத் தட்டுத் தடுமாறித் திறந்து, வயர் ஒட்டின படத்தைக் காட்டினார். "பாரு, கலர் மாறிடக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன். இது நான். இதைப் பார்த்துத்தான் அவனுக்கு ஒட்டினேன். என் வேலை போகட்டும், ஜெயில்ல போடட்டும். அவன் என் பொண்டாட்டிக்கு ஒரே தம்பிம்மா!" பெரிய மனுஷன், எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதார்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், தன் திரையைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். "இவருக்குத் துடிப்பு வேகமா இருக்கு, அங்கங்க தப்புது. டாக்டர் சொன்ன மாதிரி இல்ல. அதோட, தன் பொழப்பைத் தானே கெடுத்துக்கிட்டு எவனாவது பொய் சொல்வானா? அட்ரஸ் சொல்லுங்க" என்றாள்.

வழியெல்லாம் அவர் வேண்டாத சாமி இல்லை. அவன் உயிரோடு இருந்தால் போதும், மொட்டையோடு சேர்ந்து ஆயுசுக்கும் கம்பம் தூக்குகிறேன் என்றார். அவன் கையால் செருப்படி வாங்குகிறேன் என்றார். இந்த வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? தான் ஓட்டியிருந்தால் இந்நேரம் போயிருக்கலாம் என்று கை தானாக ஸ்டியரிங்கைத் தேடியது. முன்னால் ஒரு பஸ் வழிவிடாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவனை அவர் திட்டின திட்டை எழுத முடியாது.

மாடிப்படி ஏறும்போது காது முன்னாலேயே ஓடியது. கூடத்துக் கதவைத் திறந்ததும் கேட்டுவிட்டது. அறுப்பு! பின்னறையில் மரம் அறுபடுகிறது! டிரைவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இருக்கான்… இருக்கான்மா" என்றார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அப்போது சத்தம் நின்றது.

அந்த அம்மா கையைத் தூக்கி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னாள். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. டிரைவர் கும்பு, கும்பு என்று கதவைத் தட்டினார். ஒரு மூச்சு வருமா என்று காதைப் பலகையில் ஒட்டி வைத்தார். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது.

"உடைங்க" என்றாள் அந்த அம்மா.

ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவரும் டிரைவரும் சேர்ந்து மோதினார்கள். மூன்றாவது மோதலில் தாழ் பிய்த்துக்கொண்டு வந்தது. கும்பு மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி கறுத்திருந்தது. நெஞ்சு ஏற முயன்றது, ஏறவில்லை. அந்த அம்மா பாய்ந்து அவன் தாடையைத் தூக்கி, தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் டிரைவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார், அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டார்.

பிறகு அந்த உறுமல் வந்தது. கும்பு திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, காக்கிச் சட்டையையும் உடைந்த கதவையும் பார்த்து, "என்ன மாமா, வீடு பத்திக்கிச்சா?" என்றான்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. டாக்டர் முதலில் டிரைவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்க நெஞ்சுல என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தூங்காம ஓட்டற உங்களை நம்பி தினமும் எத்தனை பேர் ஏறி உட்கார்றாங்க!" நாளைக்கே மறுபடியும் மிஷின், இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே, நர்ஸ் கண் முன்னால். அதன் பிறகு கொஞ்சம் தணிந்து, "ஆனா ஒண்ணு. நீங்க இந்த அயோக்கியத்தனம் பண்ணலைன்னா அவரை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டாங்க. ஒருநாள் தூக்கத்துலேயே போயிருப்பார். எல்லாரும் நல்ல சாவுன்னு சொல்லியிருப்பீங்க" என்றார்.

டிரைவர் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மனைவி சலவைக்கூடத்து ஈரக்கையோடு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, "என் தம்பி நெஞ்சு உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?" என்று கத்தியபோது அதைத்தான் அவளிடமும் சொன்னார். நான் பண்ணலைன்னா அவன் இல்லடி, டாக்டரே சொன்னார் என்றார். அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள், கடைசியில் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். அவருக்கே தான் பண்ணியது பெரிய உபகாரம் போலத் தோன்ற ஆரம்பித்தது.

கும்புவுக்கு மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். அது குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காது. "இனிமே இதோடதான் தூக்கம். மூச்சு நிக்காம இருந்தா இதயமும் பெரும்பாலும் நிக்காது. இப்பக் கொஞ்சம் தூங்குங்க, திரையில பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றாள் நர்ஸ். "முதல் தடவைங்கறதால யாராவது பக்கத்துல உட்கார்ந்து மாஸ்க் நழுவாமப் பார்த்துக்கணும்."

"நான் உட்கார்றேன்" என்று டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தூக்கத்துக்கே பேர்போன அந்த ஆள் கண்ணை மூடவே பயந்தான். மாஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போர்வைக்கு வெளியே அவன் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

"மாமா, ஒண்ணு கேட்கவா?"

"கேளுடா மாப்ள."

"காலையில போன் வந்துச்சே. அது டாக்டர்தானே?"

டிரைவர் போர்வையை இழுத்து அவன் காலை மூடினார்.

"நான் தாழ் போடறப்போ உங்களுக்குத் தெரியுமா?"

ஜன்னல் பக்கம் நின்ற மனைவி திரும்பினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிப்போவில்தான் தெரிந்தது என்றால் போதும். டாக்டர் வேறு வார்டுக்குப் போய்விட்டார், கேட்க ஆள் இல்லை. மனசுக்குள் அந்த வக்கீல் மறுபடியும் எழுந்து நின்று வாதாடியது.

"தெரியும்" என்றார்.

கும்பு கோபப்படுவான், கத்துவான், மாஸ்க்கைத் தூக்கி மூஞ்சியில் எறிவான் என்று காத்திருந்தார். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், ஏதோ கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி.

"அக்கா, நீ வந்து உட்காரு" என்றான். பிறகு அவர் பக்கம் பார்க்காமல், எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னான்: "நீங்க வெளியே இருங்க மாமா. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமா இருக்கு. தூக்கம் வராது."

டிரைவர் எழுந்தார். மனைவி அவரைக் கடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து தம்பியின் மாஸ்க் நாடாவைச் சரி செய்தாள். அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.